பெஞ்சிலிருந்து பார்த்தால்: கால்பந்து வீரரின் ஏற்றமும் இறக்கமும்

கேள்வி – 3 ஆகஸ்ட் 2025

தொழில்முறைக் கால்பந்து வீரருக்கு உச்சம் என்றால் உலகக் கோப்பையைத் தூக்குவது. பாதாளம் என்றால் 1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ பெனால்டியை வானத்துக்கு அடித்தது. மற்ற எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் அடங்கிவிடும் என்பது என் கட்சி. போதாததற்கு, கோடி கோடியாகச் சம்பாதிப்பவர்களுக்கு இறக்கம் என்று ஒன்று உண்டா என்றே சந்தேகமாக இருக்கிறது. விளையாடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட், இரவு

விளையாடியவன் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒப்பந்தம் இருந்தது, முதுகில் எண் இருந்தது, சம்பளம் வந்தது (வந்த மாதங்களில்). இரண்டாம் நிலை லீக்கில் மாற்றுக் கோல்கீப்பர். அதாவது தொழில்முறைக் கால்பந்தை மிக அருகில் உட்கார்ந்து பார்க்கச் சம்பளம் வாங்கியவன்.

முதலில் பாஜியோ. பந்து வானத்துக்குப் போனது உண்மை. அதனால்தான் கோப்பை போனது என்பது கணக்குப் பார்க்காத பேச்சு. ஆட்டம் சமனாகி, அணிக்கு ஐந்து பெனால்டி உதை என்று வந்திருந்தது. அவருக்கு முன்பே அவர் அணியின் பரேசி கம்பத்துக்கு மேலே அடித்திருந்தார், மாசாரோவின் உதையைப் பிரேசில் கோல்கீப்பர் டஃபரெல் தடுத்திருந்தார். பாஜியோ பந்தை வைக்கும்போது பிரேசில் 3, இத்தாலி 2. அவர் கோல் அடித்திருந்தால் 3-3. பிரேசிலுக்கு ஐந்தாவது உதை இன்னும் பாக்கி இருந்தது. அது உள்ளே போயிருந்தால் அப்போதும் முடிவு இதேதான்.

இன்னொன்று. அந்த நாக் அவுட் சுற்றுகளில் இறுதிக்கு வரும்வரை இத்தாலி அடித்த 6 கோல்களில் 5 பாஜியோவுடையவை. நைஜீரியாவுக்கு எதிராக ஒரு ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்த இத்தாலி, 88-வது நிமிடத்தில் அவர் கோலால்தான் உயிர் பிழைத்தது. அவர் இல்லாவிட்டால் தவறவிடுவதற்கு அந்தப் பெனால்டியே இருந்திருக்காது.

அவருடைய பாதாளம் 1994 அல்ல. 1985-இல் விசென்சா கிளப்புக்கு ஆடும்போது, ஃபியோரெண்டினாவுக்கு மாற ஏற்பாடாகியிருந்த நேரத்தில், முழங்கால் கிழிந்தது. வயது 18. அன்றைய அறுவைச் சிகிச்சை இன்றையது போல் இல்லை. தையல் மட்டும் 200-க்கு மேல். ஃபியோரெண்டினா பின்வாங்காமல் வாங்கிக்கொண்டது. மறுபடி அதே கால் போயிற்று. இத்தாலிய முதல் டிவிஷனில் முதல் கோல் அடிக்க 1987 மே வரை காத்திருந்தார். அதுவும் மரடோனாவின் நாப்போலி தன் முதல் பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில், ஒரு ஃப்ரீ கிக்கில். அன்று அரங்கில் அந்தக் கோலை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கமாட்டார்கள்.

டிவியில் தெரியும் பள்ளம் ஒன்று, உள்ளே இருக்கும் பள்ளம் வேறு. எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்.

4 ஆகஸ்ட்

விட்டுப்போனது: நான்கு ஆண்டு கழித்து 1998 உலகக் கோப்பையில் சிலிக்கு எதிராக இத்தாலி 1-2 என்று பின்தங்கியிருந்தபோது, கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை எடுத்தவர் அதே பாஜியோ. கோல். கால் இறுதியில் பிரான்சுடன் பெனால்டி வந்தபோதும் எடுத்தார், அடித்தார். இத்தாலி தோற்றது. அன்று கடைசி உதையைத் தவறவிட்டவர் பெயரை இங்கே எத்தனை பேர் பார்க்காமல் சொல்வீர்கள்?

6 ஆகஸ்ட்

"பெஞ்சில் உட்காருவதில் என்ன துன்பம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மழை பெய்தால் நனையாத ஒரே ஆள் நான்தான்.

கள வீரர் பெஞ்சில் இருந்தால் நம்பிக்கை இருக்கும். இப்போது ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம். 60-வது நிமிடம் தாண்டினால் பயிற்சியாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார், ஒவ்வொருவனும் முதுகை நிமிர்த்துவான். மாற்றுக் கோல்கீப்பரை அவர் பார்க்கவே மாட்டார். கோல்கீப்பரை யாரும் களைத்துப்போனதற்காக மாற்றுவதில்லை. முதல் கோல்கீப்பர் அடிபட வேண்டும், அல்லது சிவப்பு அட்டை வாங்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இலவு காத்த கிளிதான்.

கோல்கீப்பர் கையுறையின் உள்ளங்கைப் பக்கம் லேடெக்ஸ். காய்ந்துவிட்டால் பிடிப்பு போய்விடும், ஈரமாக வைத்திருக்க வேண்டும். அதனால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையை நனைப்பேன். காயும். மறுபடி நனைப்பேன். ஆட்டம் முடியும்போது கையுறை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், ஒரு பந்துகூட அதைத் தொட்டிருக்காது. உடைகளைத் துவைப்பவர் அதைப் பிழிந்துவிட்டு, "இன்று உனக்குக் கடுமையான வேலை போலிருக்கிறது" என்பார். கேலி இல்லை, அவருக்கு ஆட்டம் பார்க்க நேரம் கிடையாது.

வேலை இல்லாமல் இல்லை. வார நாட்களில் பயிற்சி முடிந்ததும் முதல் கோல்கீப்பரைப் பாதுகாப்பாக உள்ளே அனுப்பிவிடுவார்கள். முன்கள வீரர்கள் கோல் அடித்துப் பழக வேண்டும், வலைக்கு முன்னால் ஓர் உடம்பு வேண்டும். "தம்பி, இன்னும் பத்து பந்து." அந்தப் பத்து ஒருநாளும் பத்தில் நின்றதில்லை. நன்றாகத் தடுத்தால் முன்கள வீரனுக்கு நம்பிக்கை போய்விடும் என்று பயிற்சியாளர் முறைப்பார். விட்டுக்கொடுத்தால் "இவன் தயாராக இல்லை" என்று குறித்துக்கொள்வார். எதைச் செய்வது?

இப்போது, இதுவரை வெளியில் சொல்லாத ஒன்று. ஒரு ஆட்டத்துக்கு முன் பயிற்சியின்போது எங்கள் முதல் கோல்கீப்பர் தொடை இடுக்கைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். என்னை அண்ணன் போல் பார்த்துக்கொண்டவர். தன் பழைய பூட்ஸைக் கொடுத்தவர். அவர் உட்கார்ந்த நொடியில் என் நெஞ்சு முதலில் துள்ளியது. வருத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. பின்னால் வந்தாலும் உண்மையான வருத்தம்தான். ஆனால் வரிசை அதுதான்.

ஒரு அணியில் பதினோரு இடம். ஒருவனுடைய ஏற்றம் பெரும்பாலும் இன்னொருவனுடைய இறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதுதான். இதை உடைமாற்றும் அறையில் எல்லோரும் அறிவார்கள், யாரும் பேசமாட்டார்கள்.

6 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் உண்டு. 2014 உலகக் கோப்பைக் கால் இறுதி, நெதர்லாந்து – கோஸ்டா ரிகா. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் பயிற்சியாளர் வான் ஹால், கோல்கீப்பர் சிலேசனை வெளியே அழைத்து டிம் குருலை இறக்கினார். பெனால்டிக்காக மட்டும். குருல் இரண்டைத் தடுத்தார், நெதர்லாந்து வென்றது. எல்லோரும் குருலைப் பார்த்தார்கள். நான் சிலேசனைப் பார்த்தேன். 120 நிமிடம் ஒரு கோல்கூட விடாதவர், வெளியே வரும்போது அவருக்கு ஆத்திரம். அடுத்தது அரை இறுதி, அர்ஜென்டினாவுடன் மறுபடி பெனால்டி. மாற்று வீரர்கள் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதால் குருலை இறக்க வழியில்லை. சிலேசனே நின்றார். ஒன்றும் தடுக்க முடியவில்லை. "இவரை நம்பவில்லை" என்று ஊரறியச் சொல்லிவிட்டு, பிறகு அவரையே நிற்கவைத்தார்கள்.

7 ஆகஸ்ட்

"உட்கார்ந்ததற்கும் சம்பளம் கொடுத்தார்களா?" கொடுத்தார்கள். வெற்றிக்கான ஊக்கத்தொகையில் பாதி. பாதி உட்கார்ந்திருந்தேன் என்று கணக்கு வைத்திருப்பார்கள்.

10 ஆகஸ்ட்

கோடிகளுக்கு வருவோம். உலக வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-இல் ஒரு பெரிய கணக்கெடுப்பை வெளியிட்டது. 54 நாடுகள், ஏறத்தாழ 14,000 தொழில்முறை வீரர்கள். அவர்களில் 45 சதவீதம் பேருக்கு மாதச் சம்பளம் 1,000 டாலருக்கும் கீழே. 41 சதவீதம் பேருக்கு முந்தைய இரண்டு பருவங்களில் ஒருமுறையாவது சம்பளம் தாமதமாகியிருந்தது. நீங்கள் டிவியில் பார்ப்பது உச்சியில் இருக்கும் மிகச் சிறு கூட்டத்தை. நான் இருந்த கூட்டம் மற்றது.

ஃபிஃபா விதிகள் காகிதத்தில் நன்றாகவே இருக்கின்றன. நாட்டுச் சட்டம் வேறாகச் சொல்லாதவரை ஒப்பந்தம் அதிகபட்சம் 5 ஆண்டு. 18 வயது ஆகாதவருக்கு 3. ஒப்பந்தம் முடிய 6 மாதம் இருக்கும்போது வேறு கிளப்புடன் பேசலாம். இரண்டு மாதச் சம்பளத்தைச் சட்டவிரோதமாகப் பாக்கி வைத்தால், எழுத்தில் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். முறித்துக்கொண்டு எங்கே போவது என்பதை விதி சொல்லாது. வீரர்கள் மாறும் காலம் மூடிக் கிடக்கும். பக்கத்துக் கிளப்பில் இரண்டு கோல்கீப்பர்கள் ஏற்கெனவே இருப்பார்கள். "சம்பளத்துக்காக வழக்குப் போட்டவன்" என்ற பெயர் நமக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். நான் இருந்த ஒரு கிளப்பில் பாக்கி வைத்தபோது, கேட்கவேண்டியவர்கள் நாங்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பருவம் முடியும் நாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அன்று காலை பயிற்சி கிடையாது. பயிற்சியாளரின் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்போம். ஒவ்வொருவராக உள்ளே போவோம். எங்களுக்குள் ஒரு கணிப்பு உண்டு. போனவன் பின்னால் கதவு திறந்தே இருந்தால் அடுத்த ஆண்டும் வேலை உண்டு. உள்ளிருந்து ஒரு கை வந்து கதவைச் சாத்தினால் முடிந்தது. அந்தக் கணிப்பு பொய்த்து நான் பார்த்ததில்லை. என் முறை வந்தபோது கதவை நானே சாத்தினேன். அவருக்கு அந்த வேலையை வைப்பானேன் என்றுதான். அவர் என்னை மிகவும் நல்லவன் என்றார், ஒழுக்கமானவன் என்றார். நல்ல ஆட்டக்காரன் என்று மட்டும் சொல்லவில்லை. பேச்சு நடந்த நேரம் முழுக்க அவருடைய கை அடுத்தவனின் கோப்பின் மேல் இருந்தது.

வெளியே வந்தால் பூட்ஸை எடுக்க உடைமாற்றும் அறைக்குள் போக வேண்டும். என் கொக்கிக்கு மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டின் ஒரு முனை ஏற்கெனவே உரிந்திருந்தது. யாரோ உரிக்கத் தொடங்கி, நான் இன்னும் உள்ளே இருக்கிறேன் என்று தெரிந்து விட்டுவிட்டிருக்க வேண்டும். பெனால்டி தவறினால் ஒரு நாடே திட்டும். இங்கே திட்டக்கூட ஆள் இல்லை.

11 ஆகஸ்ட்

"போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு வீரர்கள்தான் ராஜா" என்று ஒருவர். ஒரு பங்கு சரி. 1995 டிசம்பர் 15-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த வீரரை ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்றொரு உறுப்பு நாட்டுக் கிளப்புக்கு விடப் பழைய கிளப் பணம் கேட்கக்கூடாது. அதற்கு முன் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆள் அவர்களுடைய சொத்துதான். பெல்ஜியத்தின் லியேஜ் கிளப், தன் வீரர் போஸ்மனின் சம்பளத்தை வெகுவாகக் குறைத்துவிட்டு, டன்கெர்க் கிளப்புக்குப் போகவும் விடாமல் வைத்திருந்தது. அவர் வழக்குப் போட்டு ஐந்தாண்டு அலைந்தார். வென்றபோது வயது 31, ஆட்டக் காலம் கரைந்துவிட்டது. அந்தத் தீர்ப்பால் மற்றவர்கள் சம்பாதித்தார்கள். அவர் பின்னாளில் கடனிலும் குடியிலும் உழன்றார். ராஜாக்களைச் செய்தவர் ராஜா ஆகவில்லை.

15 ஆகஸ்ட்

காயம். நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரேசிலின் ரொனால்டோ. 1999 நவம்பரில் இன்டர் மிலானுக்கு ஆடும்போது முழங்கால் தசைநாண் கிழிந்தது. அறுவை, மாதக்கணக்கில் மீட்பு. 2000 ஏப்ரல் 12, இத்தாலியக் கோப்பை இறுதியில் மாற்று வீரராக இறங்கினார். சில நிமிடம்தான். லாசியோவின் தற்காப்பு வீரரை ஏமாற்ற உடம்பை வளைத்தார்; யாரும் தொடவில்லை; முழங்கால் தானாகவே போனது. அந்தக் காட்சியை இன்றும் என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. 2002-இல் அதே மனிதர் உலகக் கோப்பையில் 8 கோல், இறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டும் அவருடையவை.

அந்த இரண்டில் முதலாவதைக் கோல்கீப்பர் கண்ணால் பாருங்கள். ரிவால்டோ அடித்த பந்தை ஆலிவர் கான் பிடித்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நெஞ்சில் பட்டுத் தெறித்தது, ரொனால்டோ காலில் போய் விழுந்தது. அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருது கானுக்குத்தான். ஆண்கள் உலகக் கோப்பையில் அதைப் பெற்ற ஒரே கோல்கீப்பர் அவர். தொடர் முழுக்க மலை போல் நின்றவரை உலகம் அந்த ஒரு பந்தால் நினைவில் வைத்திருக்கிறது. ஒருவருடைய மறுபிறப்பும் இன்னொருவருடைய சறுக்கலும் ஒரே பந்தில்.

காயத்தில் வலி சின்ன விஷயம். பெரிது அந்த அறை. ஃபிசியோவின் அறை ஜன்னல் பெரும்பாலும் மைதானத்தைப் பார்த்தபடி இருக்கும். மேசையில் படுத்து, மடித்த துண்டை முழங்காலுக்குக் கீழே வைத்து, தொடைத் தசையை இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்க வேண்டும். தொடை அசைவதே இல்லை. உங்கள் கால்தான், நீங்கள் சொல்வதைக் கேட்பதில்லை. வெளியே சிரிப்புச் சத்தம் கேட்கும். முதல் வாரம் எல்லோரும் உள்ளே வந்து நலம் விசாரிப்பார்கள். பிறகு தலையை மட்டும் நீட்டுவார்கள். பிறகு கடந்து போவார்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. அடிபட்டவனைப் பார்ப்பது அவர்களுக்கு அபசகுனம் போல.

ஸ்பெயின் வீரர் சான்டி கசோர்லா கதையைத் தெரியாதவர்களுக்கு: 2016 அக்டோபருக்குப் பிறகு அவரால் ஆட முடியவில்லை. கணுக்காலில் தொடர் அறுவைகள், தொற்று, குதிகால் தசைநாணில் 8 சென்டிமீட்டர் அரித்துப்போனது. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தால் போதும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கையிலிருந்து தோல் எடுத்துக் கணுக்காலில் ஒட்டினார்கள். கையில் மகள் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். அதில் ஒரு பகுதி இப்போது காலில் இருக்கிறது. 2018-இல் வியாரியலில் மறுபடி ஆடினார், ஸ்பெயின் அணிக்கும் திரும்பினார். கடைசியில் தன் சிறுவயதுக் கிளப்பான ஓவியெதோவுக்கு, விதி அனுமதிக்கும் குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் போனார். 2025 ஜூனில் அந்தக் கிளப் முதல் டிவிஷனுக்கு உயர்ந்த ஆட்டத்தில் 40 வயதில் பெனால்டி கோல் அடித்தார்.

16 ஆகஸ்ட்

நேற்று எழுதியதில் எனக்கே ஒரு நெருடல். திரும்பி வந்தவர்களை மட்டும் அடுக்கிவிட்டேன். திரும்பி வராதவர்களைப் பற்றி எழுத எல்லோருக்கும் கை வருவதில்லை, எனக்கும்தான்.

நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன். 1988, 1989, 1992 மூன்று முறை ஐரோப்பாவின் சிறந்த வீரர். 1993 மே, மார்செய் கிளப்புக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி அவருடைய கடைசி ஆட்டம். வயது 28. கணுக்கால். ஓய்வை அறிவித்தது 1995 ஆகஸ்டில். நடுவில் இரண்டு ஆண்டு "வந்துவிடுவார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த இரண்டு ஆண்டுதான் உறுத்துகிறது. முடிந்துவிட்டது என்று தெரிந்தால் அழுதுவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

அவராவது பெயர் பெற்ற பிறகு போனார். எங்கள் இளையோர் அணியில் என்னைவிட நல்ல கோல்கீப்பர் ஒருவன் இருந்தான். தோள்பட்டை. பெயர் பெறுவதற்கு முன்பே போய்விட்டான். அவன் இருந்திருந்தால் எனக்கு ஒப்பந்தமே கிடைத்திருக்காது.

19 ஆகஸ்ட்

"ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள்" என்றார் ஒரு வாசகி. நியாயம். ஐஸ்லாந்தின் சாரா பியோர்க் குன்னர்ஸ்தோத்திர் பிரான்சின் லியோன் கிளப்புக்கு ஆடும்போது கர்ப்பமானார். கர்ப்ப காலச் சம்பளத்தைக் கிளப் முழுதாகத் தரவில்லை. ஃபிஃபாவின் தீர்ப்பாயத்துக்குப் போய் 2022-இல் வென்றார். 82,000 யூரோவுக்கு மேல் கொடுக்கும்படி தீர்ப்பு. குறைந்தது 14 வாரம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு என்ற ஃபிஃபா விதியே 2021-இல்தான் வந்தது. அதற்கு முன் ஆடிய பெண்களுக்குப் பிள்ளை பெறுவதும் ஆட்டத்தை விடுவதும் பல இடங்களில் ஒன்றுதான்.

ஸ்பெயினின் அலெக்சியா புட்டெயாஸ் உலகின் சிறந்த வீராங்கனையாக இருந்தபோது, 2022 ஐரோப்பியக் கோப்பை தொடங்கும் தறுவாயில் பயிற்சியில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. ஓர் ஆண்டு கழித்து உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தார்.

20 ஆகஸ்ட்

தலையால் முட்டுவதைப் பற்றிக் கேட்டவருக்கு: கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், முன்னாள் தொழில்முறை வீரர்கள் நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே குழுவின் பிந்தைய ஆய்வில் தற்காப்பு வீரர்களுக்கு அபாயம் கூடுதல், கோல்கீப்பர்களுக்கு அவ்வளவாக இல்லை. பெஞ்சைப் பற்றி இனிக் குறை சொல்லக்கூடாது போல.

24 ஆகஸ்ட்

ஆறாம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். பெஞ்சைச் சிறை போல் காட்டியிருக்கிறேன். சிரிப்பும் அங்கேதான் அதிகம் இருந்தது. களத்தில் இருப்பவர்களுக்குச் சிரிக்க நேரமில்லை.

உச்சம் பற்றி யாரும் சரியாகக் கேட்கவில்லை. அன்று அந்த அண்ணன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு நான் இறங்கினேன். 1-1. தடுத்த பந்துகள் மங்கலாகத்தான் நினைவில் இருக்கின்றன. தெளிவாக நிற்பது ஒன்றே ஒன்று. இரண்டாம் பாதியில் எங்கள் நடுத் தற்காப்பு வீரன் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல், குரல்கூடக் கொடுக்காமல், பந்தைப் பின்னால் என் பக்கம் தட்டிவிட்டான். நான் அங்கே இருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். பயிற்சியில் எத்தனை வருடம் என் முகத்துக்கு நேராக அடித்தவன்! எந்தப் புள்ளிவிவரத்திலும் அது ஏறாது. அடுத்த வாரம் அண்ணன் குணமாகி வந்தார், நான் என் இடத்துக்குப் போனேன்.

ஸ்பெயினின் இனியெஸ்டா 2009-இல் சாம்பியன்ஸ் லீக் வென்ற கோடையில்தான் மனச்சோர்வில் விழுந்தார். எஸ்பான்யோல் கிளப்பில் இருந்த நண்பர் டானி ஹார்கே அந்த ஆகஸ்டில் திடீரென இறந்தார். அடுத்த ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் 116-வது நிமிடத்தில் உலகக் கோப்பையை வென்ற கோல். சட்டையைக் கழற்றினார், உள்பனியனில் ஹார்கே பெயர். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். உச்சியில் இருக்கிறார் என்று நாம் கைதட்டும்போது ஒருவர் எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

இதைத் தொட்ட பிறகு ராபர்ட் என்கேயைச் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மனியின் கோல்கீப்பர், 2010 உலகக் கோப்பைக்குப் போவார் என்று பேசப்பட்டவர். 2009 நவம்பரில் தன் உயிரை முடித்துக்கொண்டார். நீண்ட காலமாக மன அழுத்த நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்ததை மறுநாள் அவர் மனைவி சொன்னார். வெளியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்து மறைத்தே வைத்திருந்தார். முழங்கால் கிழிந்தால் கிளப் செய்திக்குறிப்பு வெளியிடும். இதற்கு உடைமாற்றும் அறையில் அப்போது சொல்லே இல்லை. இப்போது பல கிளப்களில் உளவியலாளர் இருக்கிறார். இருப்பவரிடம் போய்ப் பேசுங்கள். அணித் தேர்வில் கை வைப்பார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது, புரியும்.

25 ஆகஸ்ட்

இங்கிலாந்தின் ஜேமி வார்டியை ஏன் விட்டுவிட்டேன் என்று மூன்று பேர் திட்டியிருக்கிறார்கள். சரி. 16 வயதில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே அவரை வேண்டாம் என்று அனுப்பியது. தொழிற்சாலை வேலையோடு, வாரம் 30 பவுண்டுக்கு ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் ஆடினார். 2015–16-இல் தொடர்ந்து 11 பிரீமியர் லீக் ஆட்டங்களில் கோல், லெஸ்டர் சாம்பியன். அருமையான கதைதான். ஆனால் வெளியே அனுப்பப்படும் ஒவ்வொரு பையனிடமும் "வார்டியைப் பார்" என்று சொல்வதை நிறுத்துங்கள். என்னிடமும் சொன்னார்கள். வார்டி ஒருவர்தான்.

27 ஆகஸ்ட்

ஓய்வு. சுனில் சேத்ரி 2024 ஜூன் 6-இல் குவைத்துக்கு எதிராக 0-0 ஆட்டத்தோடு இந்திய அணிக்கு விடைசொன்னார், கண்கலங்கினார், எல்லோரும் கலங்கினோம். 2025 மார்ச்சில் திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் அடித்தார். "விடைபெற்றவர் ஏன் வந்தார், வேறு ஆள் இல்லையா" என்ற கோபம் எனக்கும் இருந்தது. பாதிக் கோபம் நியாயம். அவருக்குப் பின் கோல் அடிக்க ஆளை வளர்க்காதவர்கள்மேல் வர வேண்டியது. மீதிப் பாதி பொறாமை. யாராவது என்னைத் திரும்பி வா என்று கூப்பிட்டிருந்தால் பேசி முடிக்கும் முன்பே கையுறையை நனைத்திருப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு காலை எழுந்ததும் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பதினைந்து வயதிலிருந்து எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது, என்ன உடை என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவார்கள். அந்தத் தாள் நின்றுபோனதும் முப்பது சொச்சம் வயது ஆள் வங்கியில் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கிறான். நான் நின்றேன்.

31 ஆகஸ்ட்

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "அப்படியானால் உங்கள் உச்சம் ஒரு பின்பாஸா?" என்கிறார். ஆமாம்.

மகனை ஓர் அகாடமி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிடுகிறார்கள், என்ன பார்க்க வேண்டும் என்று கேட்ட தாய்க்கு. அம்மா, சம்பள எண்ணைக் கடைசியில் பாருங்கள். எத்தனை ஆண்டு, நீட்டிக்கும் உரிமை யாருக்கு, அவர்களுக்கு மட்டுமா, பையனுக்கும் உண்டா? காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, குணமாகும் முன் ஒப்பந்தம் முடிந்தால் என்ன ஆகும்? மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதியிருந்தால், அப்படி நிபந்தனை வைக்க ஃபிஃபா விதி இடம் தராது. பரிசோதனையை முதலில் முடித்துவிட்டுக் கையெழுத்துக் கேட்கச் சொல்லுங்கள். 12 வயதிலிருந்து அவன் ஆடிய ஒவ்வொரு கிளப்பின் பதிவையும் பத்திரமாக வையுங்கள். பின்னால் அவன் ஒப்பந்தக் காலத்துக்குள் பெரிய தொகைக்கு வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறினால், அதில் 5 சதவீதம் அவனை வளர்த்த கிளப்களுக்குப் பிரியும். அந்தச் சிறு கிளப்களுக்கு அது பெரிய பணம்.

பள்ளிப் படிப்பு தொடருமா என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். பையன் கோல்கீப்பர் என்றால், முதல் அணியில் இப்போது இருக்கும் கோல்கீப்பரின் வயது என்ன என்று கேட்டுவிட்டு வாருங்கள்.